நகைக்க வைப்போர்

உள்ளத்தே எழும் உணர்ச்சி உடலின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்று நம் முன்னோர் வழங்கினர். மெய்ப்பாடுகள் எட்டு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலியன அவற்றுள் அடங்கும். ஆயினும் அவ்வெட்டனுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? நகையே முதலிடம் பெற்றது. வீரத்தோடு இயைந்த பெருமிதத்தையும், வியப்பாகிய மருட்கையையும் பின்னே நிறுத்தி, நகையை அவர் முன்னே நிறுத்தினார்.

அத்துடன் அவர் அமைந்தாரல்லர். நகை எவற்றால் பிறக்கிறது என்பதையும் ஆராய்ந்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கே நகையின் நிலைக்களன்கள் என்று கண்டார். எள்ளல் என்பது இகழ்ந்து கூறுதல். இளமை என்பது குழந்தைத் தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, பிறர் சொல்லியதைச் சொல்லியவாறே பற்றிக்கொண்டு, அதனை விடாதிருத்தல். இன்று நாம் எதைக் கண்டு நகைத்தாலும், அந்நகையை இந்நான்கனுள் ஒன்றன்பாற் சேர்த்துவிடலாம். இரண்டாயிரம் ஆண்டளவு பழமை வாய்ந்த நூலொன்று இன்றைய சிரிப்பையும் அளந்து காட்டுகிறது என்றால், அதன் நுண்மையை என்னென்பது!

திருவள்ளுவரும் நகையைப் போற்றினார். துன்பம் வந்துற்றபோதும் நகுக என்று பணித்தார். பிறரோடு கலந்து மகிழ்ந்து நகைக்க அறியாதவர்க்கு இவ்வுலகம் பட்டப்பகலிலும் இருண்டே கிடக்கும் என்றும் கூறினார்.

நூல்களில் நகைக்குக் கிடைத்த இடம் இவ்வாறு உயர்ந்தது. ஆனால், நம்மை நகைக்க வைப்பவர்க்கு வாழ்க்கையில் நாம் அளிக்கும் இடம் யாது? இக்கேள்விக்கு விடை காண, புதுக்கோட்டை மாவட்டத்திற்குச் சென்று வருவோம். மேடையிலே நகைக்க வைப்போரும், ஏட்டிலே நகைக்க வைப்போரும் அம்மண்ணில் தோன்றிச் சிறந்தனர்.

முதலில் மேடையைக் காண்போம். கோயில் திருவிழாக் காலங்களில் புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் இரவு முழுவதும் இசை நாடகம் நடைபெறுவது வழக்கம். இதனை மக்கள் ஸ்பெஷல் நாடகம் என்பர். மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் போன்றே புதுக்கோட்டையும் இக்கலையின் நிலையங்களுள் ஒன்று. 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களே பெரும்பாலும் இம்மேடையில் ஆடப்படுகின்றன. அவற்றுள் வள்ளி திருமணம் மக்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்ததாகும்.

இந்நாடகத்தில் ஒரு புதுமை உண்டு. நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர் அல்லர். முருகனாக வருபவர் ஓர் ஊரினர்; வள்ளியாக வருபவர் மற்றோர் ஊரினர்; ஆர்மோனியம் வாசிப்பவரும் மிருதங்கம் வாசிப்பவரும் வேறு ஊரினர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஏற்பாடு செய்து அழைப்பர். முன்கூட்டியே கூடிப் பயிற்சி செய்யும் வழக்கமும் இல்லை. மேடையில்தான் அனைவரும் ஒன்றுகூடுவர். கதையும் பாட்டும் ஒவ்வொருவர்க்கும் மனப்பாடமாக இருத்தலின், நாடகம் தடையின்றி நடந்தேறும்.

இரவு பத்து மணி அளவில், முருகனுக்கும் வள்ளிக்கும் முன்னரே, மேடையில் தோன்றுபவர் ஒருவர் உளர். அவரே நகைச்சுவை நடிகர். மக்கள் அவரைப் பபூன் என்று அழைப்பர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணியை ஒருவாறு இங்கே செய்பவர் இவர். அவர் வரும்போது ஊர் இன்னும் அடங்கியிராது. பெண்கள் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருப்பர். சிறுவர்கள் ஓடிக்கொண்டிருப்பர். கடலை விற்பவரின் குரல் ஒருபுறம் கேட்கும். அவ்வாரவாரத்தின் நடுவே நின்று, தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு, அக்கூட்டத்தை ஓர் அவையாக மாற்றுவது அவர் கடமை. அவர் பேசுவார், பாடுவார், வாத்தியக்காரருடன் வாதிடுவார், தம்மைத் தாமே பழித்துக்கொள்வார். தம் பேச்சில் பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு அவையோரை வேண்டவும் செய்வார். மெல்ல மெல்ல ஓட்டம் நிற்கும், பேச்சு நிற்கும், சிரிப்பு எழும். அதன் பின்னரே கதை தொடங்கும்.

எள்ளல் என்னும் நிலைக்களனை உரையாசிரியர்கள் இருவகையாகப் பிரிப்பர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுதல் மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னது பரந்த உள்ளம் படைத்தவர்க்கே கைகூடும். மேடைக் கோமாளி நாள்தோறும் பயில்வது இவ்விரண்டாம் வகையையே. நம்மிடம் உள்ள ஆசையையும் அச்சத்தையும் அறியாமையையும் அவர் தம்மேல் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். நாம் அவரைக் கண்டு நகைப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் நம்மைக் கண்டே நகைக்கிறோம்.

பொழுது விடிகிறது. வள்ளியின் திருமணமும் முடிகிறது. நடிகர்கள் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு, அடுத்த ஊருக்குச் செல்லப் பேருந்தை எதிர்நோக்கி நிற்கின்றனர். இரவெல்லாம் வயிறு குலுங்க நகைத்தவர்களுள் சிலர் அவர்களைக் கூத்தாடிகள் என்று சுட்டிப் பேசுகின்றனர். கூத்தாடி என்பது ஒரு கலைஞரைக் குறிக்கும் பெயர். அதனையே வசைச்சொல்லாகவும் வழங்குகின்றோம். என்னே இம்முரண்பாடு! இந்நாடக நடிகர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சீசர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவர்கள் சுமக்க நேர்ந்த இழிவுரையையே நடுப்பொருளாகக் கொண்டார். கலையைச் சுவைப்போம், கலைஞரை மதியோம் என்பது எவ்வாற்றானும் நேர்மை ஆகாது.

மேடைக் கோமாளி விடிந்தபின் ஊரைவிட்டுச் சென்றுவிடுகிறார். அவரை மீண்டும் காண அடுத்த திருவிழா வரவேண்டும். ஆனால் வேண்டியபோதெல்லாம் வந்து நகைக்க வைக்கும் கோமாளியும் ஒருவன் உண்டு. அவன் வாழும் இடம் படக்கதைப் புத்தகம். அவனைப் படைத்தோரைக் காண இனி ஏட்டுப் பக்கம் திரும்புவோம்.

புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை தனி அரசாக விளங்கியது. பின்னர் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. குழந்தை இலக்கியத்திற்கு இம்மாவட்டம் அளித்த கொடை பெரிது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் இங்குள்ள இராயவரத்தில் பிறந்தார். வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகட்காகப் பாடல்கள் புனைந்தார். குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-இல் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். அவர் பிறந்த மூன்றாண்டுகளுக்குப் பின், 1925-இல், இதே மாவட்டத்து அரிமளத்தில் பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. கௌசிகன் என்ற புனைபெயரிலும் எழுதிய இவரைத் தமிழ்ச் சிறுவர் உலகம் வாண்டுமாமா என்றே அறியும்.

வாண்டு என்பது குறும்பு மிக்க சிறுவரைச் செல்லமாகக் குறிக்கும் சொல். அவர்கட்கெல்லாம் மாமன் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது பொருத்தமே. பெரியோர்க்குக் கதை எழுதிப் புகழ் ஈட்டும் ஆற்றல் இருந்தும், தம் உழைப்பின் பெரும்பகுதியை இவர் சிறுவர்க்கே வழங்கினார். கதை, அறிவியல், புராணம், வேடிக்கைச் செய்தி என நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இவரால் எழுதப்பட்டன. கோகுலம் இதழில் பணியாற்றினார். 1984-இல் தொடங்கிய பூந்தளிர் இதழுக்கு ஆசிரியராக அமைந்தார். 2014-ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்தார்.

இவர் படைத்த படக்கதைகளுள் பலே பாலு என்பது ஒன்று. அதற்குப் படம் வரைந்தவர் ஓவியர் செல்லம். படக்கதையில் எழுத்தாளரும் ஓவியரும் வண்டியின் இரு சக்கரங்கள் போல்வர். எழுத்தாளர் நிகழ்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்கிறார், எங்கே நோக்குகிறார், என்ன சொல்கிறார் என்று வரையறுக்க வேண்டும். சொற்களோ மிகச் சிலவாகவே அமைதல் வேண்டும்; ஏனெனில் அவை படத்தின் மூலையில் ஒரு சிறு வட்டத்துள் அடங்கியாக வேண்டும். ஓவியர் சொல்லாதவற்றையெல்லாம் கோடுகளால் சொல்ல வேண்டும். தூக்கிய புருவம் ஒன்று வியப்பைக் காட்டும்; காலடியில் எழும் புழுதி ஓட்டத்தைக் காட்டும்.

இன்னும் ஒன்று கவனிக்கத் தக்கது. ஒரு கட்டத்தில் சிறுவன் மரக்கிளையில் அமர்ந்திருக்கிறான். அடுத்த கட்டத்தில் அவன் சேற்றில் கிடக்கிறான். விழுந்த காட்சி எங்கும் வரையப்படவில்லை. இரு கட்டங்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் அதனை வரைந்துகொள்பவன், படிக்கும் சிறுவனே. ஆகவே படக்கதை படிப்போன் வெறுமனே படம் பார்ப்பவன் அல்லன். எழுதியவரோடும் வரைந்தவரோடும் கூடி, தானும் கதையைப் படைப்பவன் ஆகிறான். மேடைக் கோமாளி பேச்சை இடையில் நிறுத்தி, அவையோர் சிரிப்புக்கு இடம் விடுவதும் இதனை ஒத்ததே.

பலே பாலு போன்ற சிறுவர் கதைகளில் பிறப்பது இளமை பற்றிய நகை. மடன் பற்றிய நகைக்கும் சிறந்த சான்று ஒன்று அண்டை மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. அனந்த பை அவர்களை ஆசிரியராகக் கொண்டு 1980-இல் ஆங்கிலத்தில் தொடங்கிய டிங்கிள் என்னும் சிறுவர் இதழுக்கு, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த பி. வரதராசன் என்பவர் சில கதைகளை எழுதி அனுப்பினார். அக்கதைகளின் தலைவன் சுப்பாண்டி. ராம் வாயீர்கர் என்னும் ஓவியர் அவனுக்கு உருவம் தந்தார். 1983-இல் அவ்விதழில் இடம்பெற்ற அவன், விரைவில் இந்தியச் சிறுவர் அனைவர்க்கும் தோழன் ஆனான். பூந்தளிர் வாயிலாகத் தமிழும் பேசினான்.

சுப்பாண்டி வஞ்சனை அறியாதவன். சொன்னதைச் சொன்னபடியே செய்பவன். மழை பெய்யும் நாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்றால், குடை பிடித்துக்கொண்டு ஊற்றும் இயல்பினன். கொண்டதை விடாத மடன் என்பதற்கு இவனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ? ஆயினும், அவனைப் படிக்கும் சிறுவன் அவனை வெறுப்பதில்லை. ஏன்? எதையோ தவறாகக் கேட்டு, தவறாகச் செய்து, வீட்டாரின் கடுஞ்சொல்லுக்கு அஞ்சி நின்ற நாள் ஒன்று ஒவ்வொரு சிறுவனுக்கும் உண்டு. தன்னைப் போலவே தவறு செய்பவன் ஒருவன், மறுபக்கத்தில் மனம் தளராமல் அடுத்த வேலைக்குப் புறப்படுவதைக் காண்பது எத்துணை ஆறுதல்! படக்கதை சிறுவர்க்கு இனிப்பதன் காரணம் இதுவே.

இத்தகைய புத்தகங்களையும் பெரியோர் பலர் ஐயத்தோடு நோக்கினர். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர் பலர் தழுவிக்கொண்டனர். ஆனால் பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்தே அவனைப் படிக்க நேர்ந்தவர்களும் உண்டு. இவ்வையம் நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில் பிரெடரிக் வெர்தாம் என்னும் மனநோய் மருத்துவர், படக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகள் ஆக்குகின்றன என்று 1954-இல் ஒரு நூல் எழுதினார். அந்நாட்டு மேலவைக் குழு ஒன்று அதே ஆண்டில் இதுபற்றி விசாரணை நடத்தியது. அச்சம் கொண்ட பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1955-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, வெர்தாம் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து பார்த்தார். தம் கருத்துக்கு ஏற்றவாறு அம்மருத்துவர் சான்றுகளைத் திரித்தும் மாற்றியும் எழுதியிருந்தார் என்பதை 2012-இல் அவர் வெளிப்படுத்தினார்.

இதனால் எல்லாப் படக்கதையும் நல்லதே என்று கொள்ளுதல் கூடாது. கொடுமையை இன்பமாகக் காட்டும் புத்தகங்களும் உலகில் உள்ளன. நெல்லோடு பதரும் விளைதல் இயல்பே. பதரைத் தூற்ற வேண்டும். அதற்காக நெல்லையும் கொட்டிவிடுதல் அறிவுடைமை ஆகாது.

நகையும் படமும் எழுத்தறிவுக்குப் பகையா, துணையா என்பதற்குப் புதுக்கோட்டையே ஒரு விடை தந்துள்ளது. 1991-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்றனர். பகலெல்லாம் வயலிலும் கல் உடைக்கும் இடங்களிலும் உழைத்துக் களைத்த மக்களை, படிக்க வருக என்று அழைத்தால் மட்டும் போதுமா? ஆதலின் கலைக்குழுவினர் வீதியில் பாடினர்; ஆடினர்; சிறு நாடகங்கள் நடித்தனர். சிரிக்க வந்தவர்களுள் பலர் எழுத்துக் கற்கத் தங்கினர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 1949-இல் வெளிவந்த நல்லதம்பி திரைப்படத்தில், கிந்தனார் கதையின் வாயிலாகக் கல்வியின் சிறப்பை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார். அதே வழியில், நகையைக் கல்விக்கு வாயிலாக்கினர் புதுக்கோட்டைத் தொண்டர்கள்.

அதே இயக்கத்தின்போது நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றனர். முதன்முதலில் சைக்கிள் ஏறிய பெண்களை நோக்கி ஏளனச் சொற்கள் வீசப்பட்டன. அதுவும் நகைதான், எள்ளலின் முதல் வகையைச் சேர்ந்த நகை. முயல்பவரை முடக்க எழுந்த நகை. அப்பெண்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பல்லாயிரவர் கற்றனர், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினர். ஏளனம் தானே ஓய்ந்தது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரு நகை மக்களை அழைத்துவந்தது. மற்றொரு நகை மக்களைத் துரத்த முயன்றது. நகையின் இருவேறு பண்புகளை இதனினும் தெளிவாக அறிய இயலுமோ?

எனவே, மாணவர்களே, நகைக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். உடன் பயிலும் ஒருவன் தவறாகப் படிக்கும்போது வகுப்பில் சிரிப்பு எழுகிறது. அச்சிரிப்பில் அவனும் கலந்துகொள்ள இயன்றால் அது நல்ல நகை. அவன் மட்டும் தலைகவிழ்ந்து நின்றால் அது நகையன்று, கல்லெறிதல். திருவிழா இரவில் மேடை ஏறும் கோமாளி, பிறரைச் சிரிக்க வைக்கத் தம்மையே பொருளாக்கிக்கொள்கிறார். வாண்டுமாமாவும் அவரைப் போன்றோரும் சிறுவரை மகிழ்விக்கத் தம் வாழ்நாளையே செலவிட்டனர். அவர்கள் நமக்குத் தந்தது எளிதில் கிடைத்தமையால் அதனை எளியது என்று எண்ணுதல் தவறு. சில நொடிகளில் படித்து முடிக்கும் ஒரு பக்கத்தின் பின்னே, பலமுறை அழித்து எழுதிய சொல்லும், பலமுறை அழித்து வரைந்த கோடும் உள்ளன.

அடுத்த முறை நகைச்சுவை நடிகர் ஒருவர் நாடகம் முடிந்து பேருந்துக்காக நிற்பதைக் கண்டால், அவரை வணங்கி, இரவு அவர் நடித்தது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். படக்கதை ஒன்றைப் படித்து மகிழ்ந்தால், அதனை எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று தேடிப் படியுங்கள். மெய்ப்பாடுகளுள் நகைக்குத் தொல்காப்பியர் முதலிடம் தந்தார். நகைக்க வைப்போர்க்கு உரிய இடத்தை நாமும் தருவோமாக.